மாமியார் மேட்டில் முப்பத்தொரு நிமிடம்

மழையில் எழுதுவதற்குப் பேனாவைவிடப் பென்சில் நல்லது. நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. பேனா மை ஈரத்தில் பரவி ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி ஆகிவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். எங்கள் சைக்கிள் சங்கத்தில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். நான் கொண்டுவந்து கொடுத்த தாள் உங்கள் மேசைமேல் இருக்கிறது. நாள் முழுவதும் மழையில் இருந்த தாள் அது. எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீல் வேண்டுமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள், தேநீரும் வரவழைத்துக் கொடுத்தீர்கள். அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதித்து, லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது என் தொழில். லென்ஸின் மையம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் போட்டுக்கொள்பவருக்கு நாள் முழுக்கத் தலைவலி இருக்கும். அதனால் எதையும் அளந்து செய்கிறவன். என் மனைவி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். ஊசி இறங்குவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள். அவள் விடுமுறையில் இருக்கும் நாட்களில், அந்த அம்மா வந்த பிறகு வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. எங்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமான பதினைந்து வருடத்தில் நானும் அவளும் கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

எங்களுடையது மலைச் சைக்கிள். தார் ரோட்டில் ஓட்டுவதில்லை. பட்டையான டயரைப் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் கல்லிலும் வேரிலும் சேற்றிலும் ஏறி இறங்குவது. சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் சாதாரண ஆட்கள். தையல்காரர், பேக்கரி வைத்திருக்கும் அம்மா, பல் டாக்டர், பஸ் டிப்போ மெக்கானிக். வருடத்துக்கு ஒரு முறை எழுபத்திரண்டு கிலோமீட்டர் போட்டி நடத்துகிறோம். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை, முடித்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்காக ஆறு மாதம் பயிற்சி செய்கிறவர்கள் நாங்கள். சங்கத்தில் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு கியர் மாற்றுவதிலிருந்து விழுவது எப்படி என்பதுவரை சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க, ஒண்ணு அந்தச் சைக்கிள வித்துடுங்க. இல்லன்னா எனக்கும் ஒண்ணு வாங்குங்க. ஞாயித்துக்கிழமையானா இந்த வீட்டுல எனக்குப் புருஷன் கிடையாது.”

“உனக்கா? மாடி ஏறினாலே முட்டி வலிக்குதுன்னு சொல்லுவே.”

“துணி மூட்டையோட ஏறிப் பாருங்க, உங்களுக்கும் வலிக்கும்.”

நல்லதாக ஒரு பழைய சைக்கிள் பார்த்து வாங்கினேன். சீட்டின் உயரத்தை அவள் காலுக்கு அளந்து வைத்தேன். முதல் மாதம் பின்னாலேயே ஓடினேன். அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மிகவும் நேசித்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் போட்டிப் பாதையில் நாலு சோதனை இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, தண்ணீர், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, கையில் வயர்லெஸ்ஸோடு ஓர் ஆள். யார் தாண்டினாலும் அவர்களுடைய எண்ணுக்கு நேரே மணியையும் நிமிடத்தையும் தாளில் குறிக்க வேண்டும். மூன்றாவது மேசைக்கும் நாலாவது மேசைக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். அதற்கு மாமியார் மேடு என்று பெயர். எவ்வளவு உழைத்தாலும் திருப்திப்படுத்த முடியாது என்று யாரோ வைத்த பெயர். போட்டியன்று அந்த ஏற்றத்தை யார் குறைந்த நேரத்தில் ஏறினார்கள் என்று இரண்டு தாள்களையும் வைத்துக் கழித்துப் பார்ப்போம். சங்க உறுப்பினர்களில் மிகக் குறைந்த நேரம் சங்க அறையின் பலகையில் எழுதியிருக்கும். ஒன்பது வருடமாக அதில் இருந்தது என் பெயர். முப்பத்து மூன்று நிமிடம்.

நான் கோப்பை வாங்கினவன் இல்லை. மொத்தப் போட்டியில் என் இடம் எப்போதும் பதினெட்டு, இருபது என்றுதான் இருக்கும். அந்த ஓர் ஏற்றம் மட்டும், அந்த ஒரு வருடம், எனக்குக் கிடைத்தது. பலகையில் ஒரு வரி. பெரிய விஷயம் இல்லைதான்.

இரண்டாவது வருடத்திலேயே அவள் ஏற்றத்தில் பேச ஆரம்பித்தாள். மகளின் பள்ளிக்கூடம், மருத்துவமனையில் நடந்தது, ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று பேசிக்கொண்டே மிதிப்பாள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது. ம், ம் என்பேன். பிறகு அவள் முன்னால் போக ஆரம்பித்தாள். ஒவ்வொரு மேட்டின் தலையிலும் நின்று எனக்காகக் காத்திருப்பாள். வாழைப்பழத்தை உரித்துப் பாதியைத் தான் தின்றுவிட்டு மீதியை எனக்கு நீட்டுவாள். நான் போய்ச் சேரும்போது அவளும் ஹேண்டில்பார் மேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். “அப்பாடா, என்ன மேடுங்க இது, உயிரே போயிடுச்சு” என்பாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மகளும் காரில் காட்டு ரோடு வழியாக மேட்டின் தலைக்கு வந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள்.

“அம்மா சரியான நடிகைப்பா.”

“என்னடி உளறுறே? சாப்பிடு.”

“உளறலப்பா. அம்மா வந்து அஞ்சு நிமிஷமா தாத்தாகூடச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. உங்க ஹெல்மெட் கீழ வளைவுல தெரிஞ்சுச்சா, உடனே ஹேண்டில்பார் மேல படுத்துட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுறாங்க. தாத்தாவ வேணும்னா கேளுங்க.”

மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாப்ளைக்கு மரியாதை குடுக்குறாம்மா. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.”

“அப்பா, சும்மா இருங்க” என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது.

எல்லோரும் சிரித்தோம். அன்று அதிகம் சிரித்தது நான்தான். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மட்டும் தனியா மூச்சு வாங்கினா என்னவோ மாதிரி இருந்துச்சு. அதான்” என்றாள். இதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அவள் தோளில் இருந்த சோப்பு நுரையைத் துடைத்துவிட்டேன்.

பொறாமை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அது பொருந்தாது. பொறாமை என்பது அடுத்தவர்மேல் படுவது. இவள் என் மனைவி.

ஆனால் சில விஷயங்களை அளந்து சொல்ல வேண்டும் அல்லவா? சங்கத்தில் அவளுக்கு மலையாடு என்று பெயர் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வாத்தியார் இல்லை, மலையாட்டின் வீட்டுக்காரர். கடைக்குக் கண் காட்ட வருகிறவர்கள்கூட, நான் அவர்கள் மூக்கின்மேல் சோதனை ஃபிரேமை வைத்து லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும்போது, “உங்க வீட்டுக்காரம்மா சைக்கிள்ல பறக்குறாங்களாமே, சார்” என்பார்கள். இது தெளிவா, அது தெளிவா என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சைக்கிளில் வேகம் காட்டும் மீட்டர்கூடக் கிடையாது. ஒன்று வாங்கிக் கொடுத்தேன். “வேண்டாங்க. அதைப் பார்த்துட்டே போனா மரத்தை எப்பப் பார்க்குறது” என்று மகளிடம் கொடுத்துவிட்டாள். நான் பதினாறு வருடமாக மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். முயற்சியே இல்லாமல் ஒருவருக்கு ஒன்று வருவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் சொன்னாள். “இந்த வருஷம் மாமியார்கிட்ட நல்ல பேரு வாங்காம விடுறதில்ல. உங்க பேரை அழிச்சுட்டு என் பேரைப் போட்டா கோவிச்சுக்குவீங்களா?”

“நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க என் ராசா” என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்த வாரமே எனக்கு முழங்கால் வலி வந்தது. வலி பொய்யில்லை, பல் டாக்டர்கூட அழுத்திப் பார்த்து வீக்கம் இருக்கிறது என்றார். ஓட்ட முடியாது, ஒரு மேசையில் உட்கார்ந்து உதவுகிறேன் என்று செயலாளரிடம் சொன்னேன். எந்த மேசை என்று கேட்டார். நாலாவது என்றேன்.

போட்டியன்று காலையில் அவள் சைக்கிளை நான்தான் தயார் செய்தேன். பிரேக்கில் கை வைத்தேனா என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டது உங்கள் கடமை, எனக்கு வருத்தமில்லை. பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினேன். டயரில் காற்றை ஈரத்துக்குத் தகுந்தபடி குறைத்து வைத்தேன். அவள் முதுகுப் பையின் மார்புப் பட்டியில் விசிலைக் கட்டினேன்; விசில் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது எங்கள் விதி. அடிபட்டால் மூன்று முறை ஊதி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊத வேண்டும். சைக்கிளில் கை வைக்கிற அளவுக்குக் கெட்டவன் இல்லை நான்.

நாலாவது மேசையில் என்னோடு பேக்கரி அம்மா இருந்தார். எங்கள் கூடாரத்திலிருந்து பார்த்தால் மேட்டின் கடைசிப் பகுதி இரண்டு இடத்தில் தெரியும். முதலில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே ஆள் தெரிந்து மறைவார். நடுவில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் வேர்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதை, அது மரங்களுக்குள் இருப்பதால் தெரியாது. பிறகு ஒரு விழுந்த மரத்தின் பக்கம் மறுபடி தெரிவார். அங்கிருந்து மேசை இருபது அடி. பாறையிலிருந்து மேசைக்கு வர சுமாராக ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றரை நிமிடம், அவளுக்கு ஒரு நிமிடம்.

பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வயர்லெஸ்ஸில் மூன்றாவது மேசைக்காரர் சொன்னார். “முப்பத்தேழு தாண்டியாச்சு. பன்னிரண்டு எட்டு. வாத்தியாரே, உங்க வீட்டம்மா சிரிச்சுட்டே போறாங்க.”

பன்னிரண்டு முப்பத்து நாலுக்குப் பேக்கரி அம்மா இன்னொரு தட்டு பன் எடுத்துவர காட்டு ரோட்டில் நின்ற காருக்குப் போனார். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் பாறையின்மேல் ஆரஞ்சு நிற மழைச் சட்டை தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது நிமிடம். மழையில், சேற்றில், முப்பது நிமிடம். பென்சிலைக் கையில் எடுத்து, விழுந்த மரத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

அவள் அங்கே வரவில்லை.

கல் உருளுகிற சத்தம் கேட்டது. அலறல் எதுவும் இல்லை. பிறகு மழைச் சத்தம் மட்டும். உடனே எழுந்து ஓடியிருக்க வேண்டும் என்பீர்கள். நானும் எழுந்தேன். எழுந்தவன் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்பது. சறுக்கி விழுந்திருப்பாள், எப்போதும்போல் சிரித்துக்கொண்டே எழுந்து வருவாள் என்று நினைத்தேன். நாற்பது. இப்போது நான் போய்த் தூக்கிவிட்டால், வெளியாள் உதவி என்று அவளைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அது அவளுக்குச் செய்கிற அநியாயம். இதையும் நினைத்தேன். நாற்பத்தொன்று. முப்பத்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அந்த முள் அதைத் தாண்டியபோது எனக்குள் ஏதோ இளகி இறங்கியது. நிம்மதி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். சரி, இனிப் போய்ப் பார்க்கலாம் என்று மழைத் தொப்பியை எடுத்தேன்.

அப்போது பேக்கரி அம்மா தட்டோடு திரும்பி வந்துவிட்டார்.

“மலையாடு இன்னும் வரலையா?”

“இப்பத்தான் போனா. தண்ணிகூட வாங்கல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஏழு வாரமாக யோசித்துப் பார்த்தேன். அவர் பயந்துவிடுவார் என்று நினைத்திருக்கலாம். நான் ஏன் மூன்று நிமிடமாகப் போய்ப் பார்க்காமல் நிற்கிறேன் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. வாய் தானாக ஒரு வழியைப் பார்த்துக்கொண்டது.

“அடப்பாவமே! எட்டுக்குத்தானே கீழ தாண்டினா? அப்ப உங்க முப்பத்து மூணு காலியா?” என்று பன் தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினார். “என்ன நேரம் எழுதினீங்க? காட்டுங்க, காட்டுங்க. ஐயோ, இன்னும் எழுதவே இல்லையா? நல்ல புருஷன்! வயித்தெரிச்சல்ல கையே வரலையாக்கும்.”

என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. எதையாவது எழுத வேண்டும். அவர் வந்த பிறகு தாண்டியதாக எழுத முடியாது, அவர் பார்த்திருப்பார். அதற்கு முன்னால் என்றால் எப்போது? பாறையில் முப்பத்தெட்டு. அங்கிருந்து ஒரு நிமிடம். பன்னிரண்டு முப்பத்தொன்பது என்று எழுதினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஏதாவது எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. அவள் வந்திருந்தால் முப்பத்தொன்பதுக்குத்தான் வந்திருப்பாள். அளவு விஷயத்தில் பொய் எழுதிப் பழக்கமில்லாதவன் நான்.

அடுத்த ஆள் நாற்பத்து நாலுக்கு வந்தார். “பாறையைத் தாண்டினா வேரெல்லாம் சோப்பு மாதிரி இருக்கு, வாத்தியாரே” என்று சொல்லிவிட்டு ஒரு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு போனார். அவர் எதையும் பார்க்கவில்லை. பள்ளம் ஆழம்; புதர் மூடியது.

நாற்பத்தாறுக்கு விசில் கேட்டது. மூன்று முறை. பிறகு மூன்று முறை.

“ஏதோ விசில் மாதிரி இல்ல?” என்றார் பேக்கரி அம்மா.

“மூணாவது மேசையில ஊதுறாங்க. வழி தப்பிப் போறவங்களைக் கூப்பிடுறதுக்கு. பாதைதான் சுத்திச் சுத்தி வருது, அந்த மேசை நமக்கு நேர் கீழதான். மழைக்காத்துல சத்தம் மேல வருது.”

“ஓ, அப்படியா” என்றார். நான் வாத்தியார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் தாளைத் திருத்தியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். திருத்தலாம்தான். ஆனால் எங்கள் விதிப்படி எழுதிய நேரத்தை அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்று இருந்தேன். அவளே ஏறி வந்துவிட்டால் எல்லாம் சிரிப்பில் போய்விடும். பத்து நிமிடம் ஆனதும், பத்து நிமிடம் சும்மா இருந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அரை மணி ஆனதும் அரை மணிக்கு. நேரம் ஏற ஏறக் காரணமும் பெரிதாக வேண்டியிருந்தது. இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, நீங்கள் யோசித்துப் பார்த்தால் புரியும்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன். வழியில் ஏதோ விசில் கேட்டதே என்று கேட்ட இரண்டு பேருக்கும் மூன்றாவது மேசை என்றே சொன்னேன். கூடாரத்தின்மேல் மழை அடித்ததால் விசில் சில சமயம் கேட்டது, சில சமயம் கேட்கவில்லை. பேக்கரி அம்மாவுக்குக் குளிராக இருக்கும் என்று அவருடைய காரிலேயே போய் உட்காரச் சொன்னேன். அதன் பிறகு நான் மட்டும் இருந்தேன். கடைசியாக ஊதியது இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. அதில் மூன்று இல்லை, ஒன்றுதான். அதை எந்தத் தாளிலும் குறிக்கவில்லை, ஆனால் நேரம் சரிதான்.

இரண்டு இருபதுக்குத் துடைப்பம் வந்தார். எல்லோருக்கும் பின்னால் வந்து, வழிகாட்டும் அம்புக்குறிகளைக் கழற்றிக்கொண்டு, பாதையில் ஒருவரும் மிச்சமில்லை என்று உறுதி செய்கிறவரை அப்படிச் சொல்வோம். இந்த வருடம் தையல்காரர். நனைந்துபோய், முதுகில் அம்புக்குறிக் கட்டோடு நின்றார்.

“பின்னாடி ஒருத்தரும் இல்ல, வாத்தியாரே. உங்க கணக்கு?”

“சரியா இருக்கு” என்றேன்.

வயர்லெஸ்ஸில் செயலாளரிடமும் அதையே சொன்னேன். நாலாவது மேசை, ஐம்பத்தெட்டுப் பேரும் தாண்டியாச்சு.

முடியும் இடத்தில் மகள் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று மணிக்கு மேலும் அம்மா வராததால் அழ ஆரம்பித்திருந்தாள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்ளே, நாலாவதுல பார்த்தீங்கதானே? நல்லாத்தானே போனா?” என்றார். நல்லாத்தான் போனா மாமா என்றேன். நாற்பது பேர் தேடக் கிளம்பினோம். நாலாவது மேசைக்குப் பிறகு முடிவுவரை இருக்கும் பதினான்கு கிலோமீட்டர் காட்டை, தாளில் இருந்ததை நம்பி, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு தேடினோம். நான்தான் முன்னால் போனேன். முழங்கால் வலியோடு போனேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரத்தில் நான் உண்மையாகவே தேடினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஐந்து ஐம்பதுக்குத் தையல்காரர் கண்டுபிடித்தார். யாரும் சொல்லாமலே, தான் வந்த பாதையைத் தானே இன்னொரு முறை பார்க்கிறேன் என்று தனியாகப் போயிருக்கிறார். பள்ளத்தில், புதருக்கு அடியில். மேசையிலிருந்து நூற்று அறுபது அடி வைத்தால் அந்த இடம் வரும்; பிறகு ஒரு நாள் நானே நடந்து எண்ணிப் பார்த்தேன். தொடை எலும்பு முறிந்து ரத்தம் போயிருந்தது. விசில் வாயில் இருந்தது. ரத்தமும் குளிரும்தான் காரணம், மூன்று மணிக்குக்கூடக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவளோடு வேலை செய்தவர்கள்தான் சொன்னார்கள். அழுதுகொண்டே சொன்னார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. செயலாளரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். அவளுடைய ஒரு கையுறை காணவில்லை. மேசையைத் தாண்டிய பிறகு அது விழுந்தது தெரிந்து, எடுக்கத் திரும்பி வந்திருப்பாள், அப்போது பள்ளத்தில் சறுக்கியிருப்பாள். கூட்டமாக ஆட்கள் வந்த நேரம், நான் கவனித்திருக்க மாட்டேன். அப்படித்தான் இருக்கும் என்றேன். விசிலை மூன்றாவது மேசை என்று நான் தவறாக நினைத்துவிட்டதாகச் சொன்னதையும் நம்பினார்கள். வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், சமைத்துக் கொடுத்தார்கள், மகளுக்குத் தலை வாரிவிட்டார்கள். தையல்காரர் மட்டும் கடையைத் திறக்கவே இல்லை. பின்னால் ஒருவரும் இல்லை என்று தான் சொன்ன வார்த்தையே அவளைக் கொன்றுவிட்டது என்று அவர் நினைக்கிறார். அவர் மனைவி என்னிடம் வந்து, “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு” என்றார். போய்ச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். அவருக்காகத்தான் இங்கே வந்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான்.

போன வாரம் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாமியார் மேட்டுக்கு இனி அவள் பெயர். மொட்டைப் பாறையில் ஓர் எஃகுத் தகடு பதிக்கப் போகிறார்கள். மேலே அவள் பெயர், கீழே முப்பத்தொரு நிமிடம். தகட்டைச் செய்து கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். ஆழமாக வெட்டிய எழுத்து. இருநூறு வருடம் நிற்குமாம். என் மகள் திறந்துவைப்பாளாம். சங்க அறைப் பலகையில் ஏற்கெனவே என் வரியை அழித்துவிட்டு அவளுடையதை எழுதியிருந்தார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரம் அவ்வளவு உறுதியில்லை, மழை, கடிகாரம் ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம் என்றேன். செயலாளர் என் தோளில் கை போட்டுக்கொண்டார். “என்ன வாத்தியாரே இப்படிச் சொல்றீங்க? நீங்க உங்க கையால எழுதின நேரம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவங்களுக்கு நீங்க செஞ்ச கடைசி மரியாதை அது.” எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாமனாரும் தட்டினார்.

அதன் பிறகு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாள் தவறு என்று சொல்ல வேண்டுமானால் ஏன் தவறு என்றும் சொல்லியாக வேண்டும். அதனால் சொல்கிறேன். என் மனைவி பள்ளத்தில் விழுந்தது எனக்குத் தெரியும். அவள் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியும். ஒரு மணி பத்தொன்பது நிமிடம் அவள் விசில் ஊதியதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டே நாற்பது பேரை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மகளை மாமனார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

இந்த வாக்குமூலத்தின் ஒரு நகலைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். தகடு பதிக்கும் முன்னால் அவர் கைக்குக் கிடைத்தால் நல்லது. மேசையைத் தொடாதவர்களுக்கு நேரம் கிடையாது, அவள் கடைசி நூற்று அறுபது அடியைக் கடக்கவில்லை. பலகையில் என் பெயரைத் திரும்ப எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. முப்பத்து மூன்று நிமிடம் என்று மட்டும் இருந்தால் போதும். அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.